உடைந்த சங்கும் போன உயிரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எல்லாம் டர்பன் பிள்ளைகள். வீட்டில் பேசுவது ஆங்கிலம், ஆயா என்று நாங்கள் கூப்பிடும் பாட்டியிடம் மட்டும் கொஞ்சம் தமிழ். ஒரு நாள் சிவவாக்கியர் பாட்டு ஒன்றைப் பலகையில் எழுதினேன். கறந்த பால் திரும்ப மடிக்குள் போகாது, கடைந்த வெண்ணெய் மறுபடி மோரில் சேராது, உடைந்த சங்கின் ஓசை சங்குக்குத் திரும்பாது, உடம்பை விட்ட உயிரும் அப்படித்தான் என்று சொல்லும் பாட்டு. பொருள் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, வெண்ணெய் விஷயம் தப்பு. எங்கப்பா பால் ஃபாக்டரியிலதான் வேலை செய்றாரு. வெண்ணெய்க் கொழுப்பையும் பால் பவுடரையும் தண்ணியில போட்டு மெஷின்ல அடிச்சா திரும்பப் பால் ஆயிடும்."

அவன் சொன்னது உண்மைதான். உலகம் முழுக்க அப்படித்தான் கலவைப் பால் செய்கிறார்கள். ஆனால் வகுப்பு அதோடு நிற்கவில்லை. அறிவியல் புனைகதைப் படம் என்றால் சோறு தண்ணீர் மறக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. செத்தவர் எழுந்து வரும் படமெல்லாம் ஏமாற்று வேலை, கதை எழுதியவருக்கு வேறு வழி தெரியவில்லை என்றது ஒரு கட்சி. நூறு வருஷத்துக்கு முன்னால் என்றால் செத்தார் என்று எழுதிவிட்டிருக்கக்கூடிய ஒருவரை இன்று ஆஸ்பத்திரியில் பிழைக்க வைக்கிறோமே, அப்போது நாளைக்கு ஏன் முடியாது என்றது இன்னொரு கட்சி.

முப்பது வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். ஒரு உயிர் போன நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தாளில் எழுதும் வேலையை எத்தனையோ இரவுகள் செய்திருக்கிறேன். அதனால் இந்தச் சண்டையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டு கட்சியும் 'சாவு' என்ற ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் வைத்துக்கொண்டு மோதியது என்பதுதான் என் கணிப்பு. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

தாளில் நான் எழுதிய அந்த நேரம், உயிர் பிரிந்த கணம் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது மருத்துவர் ஒருவர் முடிவு எடுத்த நேரம். உடம்பு அப்படி ஒரே நொடியில் சாவதில்லை. இதயம் நிற்கும், மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவு தப்பும், மூளை உயிரணுக்கள் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும், தோலும் எலும்பும் அதற்குப் பிறகும் பல மணி நேரம் தாங்கும். அந்த வரிசையில் எந்த இடத்தில் கோடு போடுவது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறோம். அந்தக் கோடு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

1947 வரைக்கும் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிட்டால் கதை முடிந்தது. அந்த வருஷம் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனின் திறந்த மார்புக்குள் இதயத்தின் மேலேயே மின்தகடு வைத்து அதிர்ச்சி கொடுத்தார். பையன் பிழைத்தான். 1960இல் மார்பைத் திறக்காமல் இரண்டு கையாலும் அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் சிபிஆர் அதுதான். 1940க்கு முன்னால் செத்தவர் என்று புதைத்திருக்கக்கூடிய எத்தனையோ பேர், இன்று பேரப்பிள்ளைகளோடு காவடிக்குப் போய்வருகிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர என் மனம் கேட்காது. படங்களில் திரையில் நேர்கோடு ஓடும், மருத்துவர் ஓடிவந்து ஷாக் கொடுப்பார், நோயாளி துள்ளி எழுவார். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதே கிடையாது. ஷாக், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு நொடி முழுக்க அடக்கி, அது தன் தாளத்தைத் தானே எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. துடிப்பே இல்லாத இதயத்தில் அடக்க ஒன்றும் இல்லை. அங்கே மார்பை அழுத்துவதும் அட்ரினலின் போடுவதும்தான் வழி. விண்வெளிக் கப்பல் பறப்பதை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள், இதைக் கேட்டதும் ரொம்பக் கோபப்பட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். 2018இல் நம் நாட்டில் கார்லட்டன்வில் பிணவறையில், விபத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு பெண் குளிர்ப்பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். இப்படிச் செய்தி வந்தால் உடனே 'செத்தவர் பிழைத்தார்' என்று பேச்சு பரவும். அவர் சாகவே இல்லை. கோடு போட்டவர்கள் தவறான இடத்தில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

கோடு எவ்வளவு நகரும் என்பதற்கு உலகத்துக்கே பெரிய சாட்சி நம் நாட்டில்தான் நடந்தது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் கிறிஸ்டியான் பர்னார்ட், கார் மோதி மூளை சிதைந்த ஓர் இளம்பெண்ணின் இதயத்தை எடுத்து ஒரு மளிகை வியாபாரிக்கு வைத்தார். அவர் 18 நாள் இருந்து நிமோனியாவில் இறந்தார். அந்த அறுவையின் நடுவில் கொஞ்ச நேரம் அவருடைய மார்புக்குள் இதயமே இல்லை. இயந்திரம் ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. இதயம் நின்றால் சாவு என்றால் அவரை என்னவென்று சொல்வது? அந்தப் பெண்ணின் இதயம் இன்னொருவர் உடம்பில் துடித்துக்கொண்டிருந்தபோது அவரை என்னவென்று சொல்வது? எங்கள் வீட்டில் ஆயா ரேடியோவில் இதைக் கேட்டுவிட்டு, "யார் உயிர் யாருக்குள்ளடி இருக்கு?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மருத்துவர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் ஹார்வர்டில் ஒரு குழு உட்கார்ந்து, மூளை முழுதாக மீளமுடியாதபடி ஓய்ந்துவிட்டால் அதுவே சாவு என்று அளவுகோல் எழுதியது. தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் வருஷத்துத் தேசிய சுகாதாரச் சட்டமும் மரணம் என்றால் மூளை மரணம் என்றே சொல்கிறது.

பர்னார்டின் இரண்டாவது மாற்று அறுவை 1968 ஜனவரி 2 அன்று நடந்தது. வெள்ளையர் ஒருவருக்குக் கலப்பின ஆண் ஒருவரின் இதயம். அவர் 19 மாதம் வாழ்ந்தார். ஒரே பெஞ்சில் சேர்ந்து உட்கார முடியாத நாட்டில் நடந்தது அது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, கோடு மூளைக்கு வந்துவிட்டது. மூளை எவ்வளவு நேரம் தாங்கும்? சாதாரண உடல் சூட்டில் ரத்தம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் கேடு தொடங்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் மூளை உயிரணுக்கள் எல்லாம் செத்து விழுகின்றன என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சக்தி தீர்ந்து, கால்சியம் உள்ளே புகுந்து, வீக்கம் ஏறி, ஒரு கேடு அடுத்த கேட்டை இழுத்துவரும் தொடர் ஓட்டம் அப்போது தொடங்குகிறது. ரத்தம் திரும்ப ஓடும்போதுகூட அதனாலேயே புதுச் சேதம் வரும். கெடுதல் ஓடும் வேகத்தைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். வேகத்தைக் குறைப்பது குளிர்.

1999இல் நார்வேயில் பனிச்சறுக்கில் போன ஒரு பெண் மருத்துவர் உறைந்த ஓடையில் விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கினார். வெளியே எடுத்தபோது இதயம் ஓடவில்லை, உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியது. மெதுவாகச் சூடேற்றினார்கள். பிழைத்து மறுபடி மருத்துவராகவே வேலைக்குப் போனார். பெருந்தமனி அறுவையில் வேண்டுமென்றே உடம்பை 20 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே அரை மணி நேரம் போல நிறுத்தி வேலை செய்வதும் உண்டு. அப்போது மூளையின் மின் அலை தட்டையாகிவிடும். எழுந்த பிறகு அந்த மனிதர் தன் பெயர், தன் மனைவி, தனக்குப் பிடித்த பாட்டு எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார். பால்டிமோரில் கத்திக்குத்து, துப்பாக்கிக் காயத்தோடு வருபவர்களை 10 முதல் 15 டிகிரி வரை குளிரவைத்து ஆபரேஷன் செய்யும் சோதனையும் நடந்திருக்கிறது.

2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாட் செஸ்தான் குழு செய்ததுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. இறைச்சிக்கூடத்திலிருந்து 32 பன்றி மூளைகளை வாங்கி, பன்றிகளை வெட்டி 4 மணி நேரம் கழித்து, செயற்கை ரத்தம் போன்ற திரவத்தை 6 மணி நேரம் ஓட்டினார்கள். உயிரணுக்கள் பிராணவாயுவையும் சர்க்கரையையும் மறுபடி எடுத்துக்கொண்டன. ஆனால் மூளை விழிக்கவில்லை. விழிக்கக் கூடாது என்பதற்காகவே நரம்புகளை அடக்கும் மருந்தும் அந்தத் திரவத்தில் இருந்தது. ஏதாவது உணர்வின் அறிகுறி தெரிந்தால் உடனே மயக்கமருந்து கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்த ஒரு ஏற்பாடு போதும், கோடு இன்னும் நகரக்கூடும் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே நினைத்தார்கள் என்பதைக் காட்ட.

இப்போது சிவவாக்கியரின் சங்குக்கு வருகிறேன். அவர் சொன்ன உவமைகள் ஒரே மாதிரியானவை என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தப் பையன்தான் கண்ணைத் திறந்தான். மோரில் வெண்ணெயைக் கலக்க முடிகிறது, ஏனென்றால் வெண்ணெய் வெண்ணெயாகவே இருக்கிறது, இடம்தான் மாறியது. சங்கு இரண்டாக உடைந்தால் ஒட்டவைக்கலாம், ஓசை கொஞ்சம் கரகரக்கலாம். நூறு சில்லாக நொறுங்கினால் யாராவது பொறுமைசாலி வருஷக்கணக்கில் உட்கார்ந்து சேர்க்கலாம். ஆனால் சங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையில் தடவிவிட்டால்? சங்கின் கால்சியம் எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. அது எந்தச் சங்கு என்று சொல்ல மட்டும் இனி யாராலும் முடியாது.

ரால்ஃப் மெர்க்கிள் என்ற கணினி அறிஞர் இதற்குத் 'தகவல்வழி மரணம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். இன்றைய மருத்துவத்தால் முடியுமா என்று கேட்காதே, எந்தக் காலத்து எந்தக் கருவியாலும் பழைய அமைப்பைக் கண்டுபிடிக்க வழி மிஞ்சியிருக்கிறதா என்று கேள் என்கிறார். கதை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. எவ்வளவு பெரிய இயந்திரம் வந்தது என்பதைப் பார்க்காமல், சாவுக்குப் பிறகு என்ன மிஞ்சியது என்பதைப் பார்த்தால் போதும். முந்நூறு வருஷத்து எலும்பிலிருந்து மரபணுவை எடுத்து ஆளையே ஞாபகங்களோடு எழுப்பும் கதை இங்கே விழுந்துவிடும். மரபணுவில் ஞாபகம் இல்லை. அது கொடுப்பது, காலம் தப்பிப் பிறந்த ஓர் இரட்டைப் பிள்ளையை.

உறையவைக்கும் கதைகள் அவ்வளவு சுலபமாக விழாது. 1967 ஜனவரி 12 அன்று, அதாவது கேப் டவுன் அறுவைக்குப் பதினொரு மாதம் முன்பு, கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற 73 வயது உளவியல் பேராசிரியரின் உடலை, எதிர்காலத்தில் எழுப்பலாம் என்ற எண்ணத்தில் முதன்முதலாக உறையவைத்தார்கள். இன்றும் அப்படியே இருக்கிறது. இதில் பெரிய எதிரி பனிப்படிகம். உயிரணுவுக்குள் தண்ணீர் படிகமானால் கிழித்துவிடும். அதனால் தண்ணீருக்குப் பதிலாக உறைதடுப்புத் திரவத்தை ஏற்றி, படிகமே இல்லாமல் கண்ணாடி போல இறுகவைக்கிறார்கள். மனிதக் கரு இதைத் தாங்குகிறது. மெதுவாக உறையவைக்கும் பழைய முறையில் வைத்த கருவிலிருந்தே 1984இல் ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது. 2023இல் மினசோட்டாவில் எலியின் சிறுநீரகத்தை 100 நாள் வரை இப்படி வைத்திருந்து, திரும்பச் சூடேற்றி, இன்னொரு எலிக்கு வைத்தார்கள், வேலை செய்தது. ஆனால் ஒரு முழு எலியையோ அதன் முழு மூளையையோ உறையவைத்துத் திரும்ப எழுப்பியவர் யாரும் இல்லை. கருவுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கதைகள் ஒரே வெட்டில் தாண்டிவிடுகின்றன.

"லோட் ஷெட்டிங் வந்தா என்ன ஆகும் ஆன்ட்டி?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நம் ஊர்ப் பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் தோன்றும். கரன்ட் போனால் ஒன்றும் ஆகாது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் நிறைந்த பெரிய குடுவைக்குள் உடல் இருக்கும், அதற்கு மின்சாரமே வேண்டாம். நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், யாராவது தவறாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வருஷம், ஐம்பது வருஷம், இருநூறு வருஷம். ஊற்ற ஆளும் பணமும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது 1970களில் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு கல்லறை நிலவறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள் பணம் வறண்டு, உருகி, அழுகிப் போயின. அந்தக் கல்லறை இருந்த ஊரின் பெயரும் சாட்ஸ்வர்த். எங்கள் ஊர்ப் பெயரை அங்கே படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பெட்ஃபோர்ட் தப்பித்ததற்குக் காரணம் அவருடைய குடும்பம். இடம் இடமாக மாற்றி அவரைக் காத்துக்கொண்டே வந்தார்கள். உறையவைக்கும் கதைகளில் நான் தேடுவது இதைத்தான். இருநூறு வருஷம் நைட்ரஜன் ஊற்றியது யார்? அவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது இருந்தால் மீதியை நம்பத் தயாராக இருக்கிறேன்.

மனத்தையே கணினிக்கு மாற்றுவது அடுத்த வகை. ஜோஹன்னஸ்பர்கில் நடக்கும் 'சாப்பி' படத்தை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதில் இறந்துபோன பெண்ணின் மனம் ஒரு சின்ன ஃபிளாஷ் டிரைவில் இருக்கும். முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு கடுகளவு, அதை மின்நுண்ணோக்கியில் படமெடுத்தபோது வந்த தரவு 1,400 டெராபைட். முழு மூளையும் சுமார் 12 லட்சம் கன மில்லிமீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 170 கோடி டெராபைட். கடையில் வாங்கும் ஃபிளாஷ் டிரைவில் ஒன்றிரண்டு டெராபைட்தான் பிடிக்கும். தேவையில்லாததைக் கழித்துச் சுருக்கலாம் என்று அந்தப் பால் ஃபாக்டரிப் பையன் விடாமல் வாதாடினான், அதுவும் நியாயம்தான். ஆனால் எது தேவையில்லாதது என்று தெரிந்தால்தானே கழிக்க முடியும்? 302 நரம்பணு மட்டுமே உள்ள ஒரு குட்டிப் புழுவின் நரம்பு வரைபடம் 1986லேயே வெளிவந்துவிட்டது. அந்தப் புழுவையே இன்றுவரை கணினியில் முழுதாக வாழவைக்க முடியவில்லை. மனித மூளையில் 8,600 கோடி நரம்பணு.

அளவு ஒருநாள் தீரும் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு முள் தைக்கும். குளிரவைத்த மூளை திரும்பச் சூடேறும்போது அதே மூளைதான் எழுகிறது, நடுவில் தூங்கியது போல. பிரதியில் அப்படி இல்லை. ஆள் உயிரோடு இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்தால் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் செத்தால் ஒருவர்தான் செத்தார். அப்படியிருக்க, செத்த பிறகு அந்தப் பிரதியை ஓடவிட்டால் மட்டும் செத்தவர் எப்படித் திரும்பியதாகும்? குடும்பத்துக்கு அது ஆறுதலாக இருக்கலாம். போனவருக்கு அது ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம். வகுப்பில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை. தினமும் தூங்கி எழுந்திரிப்பதும் ஒரு பிரதிதானே என்றான் ஒருவன்.

அப்போதுதான், போன வருஷம் தாத்தாவைப் பறிகொடுத்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "தாத்தா அப்படித் திரும்பி வந்தா, ஆயா மறுபடியும் தாலி கட்டிக்கணுமா?"

யாரும் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டுப் பிள்ளை அது. சட்டப்படி கணவன் இறந்ததும் திருமணம் முடிந்தது, சொத்து பிரிந்தது. உண்மையிலேயே செத்துத் திரும்பி வருபவருக்கு என்று எனக்குத் தெரிந்து எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. ஆனால் சேக்கிழார் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. மயிலாப்பூர் சிவநேசர் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்தாள். அவளைச் சம்பந்தருக்கென்று நேர்ந்திருந்த தகப்பன், சாம்பலையும் எலும்பையும் குடத்தில் போட்டு வைத்திருந்தார். சங்கு சுண்ணாம்பான நிலைதான் அது. சம்பந்தர் பாடினார், ஏழு வயதில் இறந்தவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்து வந்தாள். செத்திருந்த வருஷங்களும் கணக்கில் சேர்ந்தே வந்தன. சிவநேசர் ஆசையோடு மணம் பேசியபோது சம்பந்தர் மறுத்தார். அவள் மறுபடி உண்டானது தன் மூலமாக, அதனால் அவள் தனக்கு மகள் முறை என்றார்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். பழைய பேச்சு, பழைய நேர்த்திக்கடன் எதுவும் எழுந்து வந்தவளைக் கட்டவில்லை. முறையே மாறிவிட்டது. பிரதி வேறு ஆள் என்று நான் சொன்னதற்கு இது ஆதரவா என்று ஒரு கட்சி கேட்டது. இல்லை, தகப்பன் அவளைத் தன் மகள் என்றுதானே நினைத்தார் என்றது மறு கட்சி. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, வெளியே கார்கள் வந்து நின்றன.

தாலியைப் பற்றிக் கேட்டவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். "அப்பா ஒண்ணு சொன்னாரு, சம்பந்தர் ஒண்ணு சொன்னாரு. பூம்பாவை என்ன சொன்னா ஆன்ட்டி?"

முப்பது வருஷத்தில் சிபிஆர் செய்து திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் எனக்கு ஞாபகம் வந்தார். குழாயை எடுத்ததும் அவர் முதலில் கேட்டது, வீட்டில் கிளிக்கு யார் தீனி வைத்தார்கள் என்று. அதை அவளிடம் சொன்னேன். கிளி என்ன ஆச்சு என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மா வைத்திருந்தார்கள் என்றேன்.